'நேசித்தேன்' என்று ஸ்பானிஷில் சொல்லும் முன்...

ஸ்பானிஷ் வகுப்பின் முதல் சில வாரங்கள் ஜாலியாகவே நகரும். பெயர், ஊர், காபி ஆர்டர் செய்வது... எல்லாமே நிகழ்காலம். 'நேற்று' என்ற சொல் வந்ததும்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

'மழை பெய்தது' என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஸ்பானிஷில், பெய்து ஓய்ந்த மழை என்றால் 'யோவியோ'. வேறொன்று நடக்கும்போது பின்னணியில் பெய்துகொண்டிருந்த மழை என்றால் 'யோவீயா'. எது என்று முடிவெடுக்காமல் வாயைத் திறக்கவே முடியாது.

மழையோடு போனால் பரவாயில்லை. 'சபீயா' என்றால் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. 'சூப்பே' என்றால் அப்போதுதான் தெரியவந்தது. இரண்டும் ஒரே வினைச்சொல்தான். வீட்டில் ஒரு ரகசியம் உடைந்த அன்று இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? 'நோ கெரீயா இர்' என்றால் அவருக்குப் போக விருப்பமில்லை, ஆனாலும் போயிருக்கலாம். 'நோ கீசோ இர்' என்றால் போக மறுத்தேவிட்டார்.

அதே வினைச்சொல்லுக்கு 'நேசி' என்றும் பொருள் உண்டு. 'தே கீசே' என்பதில் உன்னை நேசித்த காலம் ஒன்று இருந்தது, அது முடிந்தது என்ற தொனி வரும். 'தே கெரீயா' என்றால் அந்த நாள்களில் நேசம் இருந்தது. முடிந்ததா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பழைய காதலுக்குக் கடிதம் எழுதுபவர் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கத்தான் வேண்டும்!

மூன்றாவதாக ஓர் இறந்தகாலமும் இருக்கிறது. ஸ்பெயினின் பெரும்பகுதியில், இன்று காலை நடந்ததற்கு அதுதான் வழக்கம். அப்பா இன்று இறந்தால் 'அ முவெர்த்தோ'. 2 வருடங்களுக்கு முன்பு என்றால் 'முரியோ'. ஆனால், இலக்கண அறிஞர் சாமுவேல் ஹிலி கயா ஒன்றைக் கவனித்தார். வருடங்கள் கடந்த பின்னும் 'அ முவெர்த்தோ' என்று ஒருவர் சொன்னால், அந்த மரணம் அவருக்குள் இன்னும் வலிக்கிறது. விதிப்படி பார்த்தால் அது தவறுபோலத் தெரியும். அதைத் திருத்தும் ஆசிரியர் பாவம், எதைத் திருத்துகிறோம் என்றே தெரியாமல் திருத்துகிறார்.

இதை மனப்பாடம் செய்துகொண்டு மெக்சிகோவிலோ பியூனஸ் அயர்ஸிலோ போய் இறங்கினால் கணக்கு மாறிவிடும். அங்கே அப்பா இன்று காலையில் இறந்திருந்தாலும் மகன் 'முரியோ' என்றுதான் சொல்வார். மாட்ரிட் காதுக்கு அது என்றோ ஆறிப்போன துக்கம்போலக் கேட்கலாம். அவரோ இன்னும் அழுது முடித்திருக்க மாட்டார்.