டெம்ப்ளேட்டுக்கு ஒழுங்காகப் பேர் வையுங்கள்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்து "போ தோட்டம் எங்கே?" என்று கேட்டால், "எந்தத் தோட்டம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்துக்கு இங்கே போ, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று தனித்தனித் தோட்டங்கள் உண்டு. நிறுவனப் பேரை மட்டும் சொன்னால் வழி தெரியாது.

பயனர் கணக்குகளுக்குத் தானாகப் போகும் அறிவிப்பு டெம்ப்ளேட்டுகளும் அப்படித்தான். "வெல்கம்_ஃபைனல்_நியூ2" என்று ஒன்றைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதைப் பற்றி, என்ன நடந்தது, யாருக்கு என்ற வரிசையில் வையுங்கள்: கணக்கு_கடவுச்சொல்_மாற்றம்_பயனர். தேதி வேண்டாம், எழுதியவர் பேரும் வேண்டாம்.

மொழியையும் பேரில் ஒட்டாதீர்கள். தோட்டத்தில் இன்று தமிழ், மலாய், வங்காளம், நேபாளி எல்லாம் புழங்குகின்றன. வாட்ஸ்அப் பிசினஸில் ஒரே பேரின் கீழ் பல மொழி வடிவங்களை வைக்கலாம். ஆனால் அங்கே அங்கீகாரம் பெற்ற டெம்ப்ளேட்டை நீக்கினால், அதே பேரை 30 நாளைக்கு மறுபடி பயன்படுத்த முடியாது. அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

இன்னொன்று: டெம்ப்ளேட்டின் உள்ளே முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போடாதீர்கள். நம் அடையாள அட்டையான மைகார்டில் இருப்பது குடும்பப் பெயர் அல்ல; ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) தான். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும், ஐயா!