சுவரில் நிற்கும் சிப்பாய்

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முருகன், லக்ஷ்மி, காந்தி மகாத்மா, கல்யாணக் கோலத்தில் தாத்தா பாட்டி என்று படங்கள் வரிசையாக வரும்போதே, நடுவில் ஒரு சிப்பாய் விறைப்பாக நிற்பார். யார் என்று கேட்டால், "பட்டாளத்துத் தாத்தா" என்று பதில் வரும். எந்தப் பட்டாளம், எந்த யுத்தம் என்று மேற்கொண்டு கேட்டால், வீட்டுக்காரர் காப்பி கொண்டு வரச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் குடும்பத்துச் சிப்பாயின் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். என் தாயாரைப் பெற்ற பாட்டிக்குத் தகப்பன் வழியில் ஒரு பெரியப்பா, ஒரு சித்தப்பா. பெரியப்பா, 1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தில் மெஸபொடேமியாவுக்குப் போனவர், திரும்பவில்லை. சித்தப்பா ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்நகரைப் பிடித்தபின் அவரிடமிருந்து கடிதமே இல்லை. இருவருக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம். பாட்டி இருந்தவரையில் அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் காலமான பிறகு எல்லோரும் கேட்டார்கள்.

"சந்தேகம் என்ன? ரங்கூன்காரர்தான். நேதாஜியின் படையில் சேர்ந்திருக்கிறார்!" என்று மாமாக்கள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஊகம் அசம்பாவிதமானதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது சரித்திரம். மேலும், வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கியவரைக் காட்டிலும், சுதந்திரத்துக்காகத் துப்பாக்கி ஏந்தியவர் நம் வீட்டுச் சுவரில் இருந்தால் யாருக்குத்தான் பெருமையாயிராது? ஆயினும் ஆசை வேறு, சாட்சி வேறு. அந்தப் படத்தில் வாய் திறக்கக்கூடிய சாட்சி, அவர் அணிந்திருந்த உடுப்பு ஒன்றுதான்.

உடுப்பை விசாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலாவது, வர்ணத்தை நம்பக்கூடாது. அக்காலத்துப் போட்டோத் தகடுகள் பல, சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் காட்டிவிடும். உருவத்தைத்தான் நம்ப வேண்டும். காக்கியை மாத்திரம் கண்டும் முடிவு செய்யலாகாது. நேதாஜியின் வீரர்களும் பெரும்பாலும் ஆங்கிலேயப் படையின் காக்கியையே உடுத்தினார்கள்.

ஆகவே தலையிலிருந்து தொடங்கினோம். எங்கள் சிப்பாயின் தலையில் இருந்தது முண்டாசு அல்ல. விளிம்பில்லாமல், நேராக நிமிர்ந்து நிற்கும் ஒரு தொப்பி. அதற்கு 'டூப்டா' என்று பெயர். மதராஸ் ஸாப்பர்ஸ் என்னும் படையின் தனி அடையாளம் அது. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், பள்ளம் தோண்டுவதும், வேண்டும்போது சண்டையிடுவதும் அவர்கள் தொழில். 1780-ல் சென்னையில் தோன்றி, பின்பு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படை அது. 'தம்பிகள்' என்பது பட்டாளத்தில் அவர்களுக்கு வழங்கும் செல்லப் பெயர்.

அடுத்தது கால். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை துணிப்பட்டியைச் சுற்றியிருந்தார். இடுப்பில் தோல் கச்சை. இரண்டாம் யுத்தத்துச் சிப்பாயானால் குட்டையான காலுறையையும் கித்தான் கச்சையையும் எதிர்பார்க்க வேண்டும். கையில் பட்டை ஒன்றுமில்லை. ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இவரோ சாதாரணச் சிப்பாய். மார்பிலும் பதக்க நாடா கிடையாது. முதல் யுத்தத்துப் பொதுப் பதக்கங்கள் 1919-ல்தான் ஏற்பட்டன. அதற்கு முன், கப்பல் ஏறப்போகும் சமயத்தில் எடுத்த படம் என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. அட்டையின் பின்புறத்தில் பெங்களூர்ப் படக்கடை ஒன்றின் முத்திரையும் இருந்தது.

பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய பத்திரங்களுக்கு அடியில் கிடைத்த வெள்ளிப் பதக்கம் கடைசிச் சந்தேகத்தையும் தீர்த்தது. அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருந்தன. பெரியப்பாவின் பெயர்தான். பாட்டி தன் மூத்த பிள்ளைக்கு வைத்த பெயரும் அதுவே. எதற்காக அந்தப் பெயரை வைத்தாள் என்று, எண்பது வயதை நெருங்கும் என் பெரிய மாமாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. அவர் வெகுநேரம் பதக்கத்தைக் கீழே வைக்கவில்லை.

உண்மை தெரிந்ததில் நஷ்டமும் உண்டு. ரங்கூன்காரருக்கு முகமே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்காக இன்னொருவர் முகத்தை அவருக்குக் கடனாகக் கொடுப்பது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

அந்நிய சர்க்காரின் சிப்பாய்க்கு இத்தனை சிரத்தை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1917 பிப்ரவரி 23-ந் தேதி, ஷும்ரான் என்னுமிடத்தில், எதிரியின் குண்டுமாரிக்கு நடுவே டைக்ரிஸ் நதியைக் கடந்த சேனைக்குப் படகிலும் பாலத்திலும் உழைத்தவர்களில் மதராஸ் ஸாப்பர்களும் உண்டு. மார்ச் 11-ந் தேதி பாக்தாத் வீழ்ந்தது. அந்த யுத்தத்தில் மாண்ட இந்தியர் 74,000 பேருக்கு மேல். மெஸபொடேமியாவில் மடிந்து, சமாதி தெரியாமற் போனவர்களுக்காக அந்தச் சர்க்கார் பாஸ்ராவில் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பிற்று. அதில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ, இன்ன படையில் இத்தனை பேர் என்று தொகை மட்டும் போட்டார்கள்! இந்த வித்தியாசம் தவறு என்று யுத்தக் கல்லறைக் கமிஷன் ஒப்புக்கொள்வதற்கு 2021 வரை ஆயிற்று.

அவர்கள் எண்ணாக்கிய மனிதரை நாமும் பெயரில்லாத 'பட்டாளத்துத் தாத்தா'வாக விட்டுவிடலாமா? வயிற்றுப்பாட்டுக்காகப் போனவரானாலும் அவர் நம்மவர். தேசாபிமானம் என்பது நமக்குப் பிடித்த முன்னோரை உண்டாக்கிக்கொள்வதல்ல. உள்ள முன்னோரை உள்ளபடி அறிவது.

நேயர்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால், வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றி, அட்டையின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் உறவையும் எழுதிவையுங்கள். மை வேண்டாம், படத்தில் ஊறிவிடும். மிருதுவான பென்ஸில் போதும்.