பக்கத்துக் குரல்

அனுமந்தையில் எங்கள் தெருவை எழுப்புவது கோயில் குழாய் ஸ்பீக்கர்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் தொடங்கும் நேரத்தில் அம்மாவும் அக்காவும் சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, மரக்காணம் உப்பளத்துக்கு வண்டி ஏற ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. வெள்ளை கண்ணைக் குத்தும். நான் போர்வைக்குள் கிடந்தபடி பாட்டு முடியும்வரை கேட்பேன். எனக்கு அது ஒரே குரல். வருடக்கணக்காக அப்படித்தான் கேட்டேன்.

2018 ஜனவரி முதல் வாரத்தில், கல்லூரியில் ஆசிரியர் அறையில் நாளிதழைப் புரட்டியபோது ராதா விஸ்வநாதன் பெங்களூரில் காலமான செய்தி கண்ணில் பட்டது. 83 வயது. எம்.எஸ்ஸின் கச்சேரிப் படங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன், பின்னால் தம்புராவோடு. தம்புரா மீட்டுகிற பெண் என்றுதான் நினைத்திருந்தேன். தமிழில் முனைவர் பட்டம், பெண்ணெழுத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேச்சு. பார்வை மட்டும் இப்படி.

அன்றிரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுப்ரபாதத்தைப் போட்டேன். 1963இல் வந்த இசைத்தட்டு. சில சுலோகங்கள் போனபின் பிடிபட்டது: இரண்டு குரல்கள். ஒன்று மூச்சு வாங்கும் இடத்தில் மற்றது வரியை விழாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்குமேல் தூக்கம் ஏது? விஷ்ணு சகஸ்ரநாமம், பஜகோவிந்தம், பாலாஜி பஞ்சரத்னமாலா, 1966இல் ஐ.நா. சபையில் பாடிய கச்சேரி. நான் உயிராக நினைத்தவை எல்லாவற்றிலும் அவர் இருந்தார். (இப்படித் தேடப் போனால் நிற்காது. 'குறையொன்றுமில்லை' ராஜாஜி எழுதியது என்று எல்லோரும் சொல்வார்கள். மெட்டமைத்த கடையநல்லூர் வெங்கட்ராமன் பெயரை வகுப்பில் கேட்டால் ஒரு கை எழாது.)

ராதா, சதாசிவத்தின் முதல் மணத்தில் பிறந்தவர். 1940இல் எம்.எஸ். அந்த வீட்டுக்கு வந்தபோது ஐந்து வயதுக் குழந்தை. 1945இல் வெளிவந்த 'மீரா'வில் சிறுமி மீரா அவர்தான். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் கற்று, ஆனந்தியோடு சேர்ந்து மேடையேறியவர். பிறகு ஆட்டத்தை விட்டு, எம்.எஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதே வாழ்க்கையானது. இதைத் 'தியாகம்' என்று சொல்லி முடித்துவிடலாம். பெண்களின் உழைப்பு என்று வந்தால் நமக்குச் சுலபமாகக் கைக்கு வருகிற சொல் அது. ஆனால் அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். இன்னொருத்தியின் மூச்சு எங்கே முடியும் என்று அவளுக்கு முன்பே அறிந்து, தன் குரலை அவள் குரலின் அளவுக்கே நிறுத்தி, அதே சமயம் சுருதி இம்மியும் பிசகாமல் பாடுவதற்கு எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்! அது வித்தை. வித்தைக்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் பாராட்டவும் வேண்டாம், பெயர் போடவும் வேண்டாம்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அக்கா எட்டாவதோடு நின்றவள். அவள் கூலியில்தான் என் விடுதிக் கட்டணம் போனது. நான் பள்ளியில் படித்தபோது மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்க, புத்தகத்தோடு எதிரே உட்காருவாள். உப்பில் வெடித்த விரல் வரியின்மேல் ஊர்ந்து வரும். நான் திக்கும் இடத்தில் அடுத்த சீரை எடுத்துக் கொடுப்பாள். என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் நெறியாளர், நூலகர், தோழிகள், கணவர் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். அக்கா 'குடும்பத்தார்' என்ற சொல்லுக்குள் இருக்கிறாள்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"இதுல ரெண்டு பேர் பாடுறாங்கக்கா. இத்தினி நாளா எனக்குத் தெரியவே இல்ல."

"எனக்கு அப்பவே தெரியும்டி," என்றாள். "ரோட்டுக்குப் போற வரைக்கும் ஒரே இருட்டா இருக்கும்ல? நானும் அம்மாவும் கூடவே பாடிகினு போவோம். வார்த்தைலாம் வராது, ராகம் மட்டும்தான். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அப்ப நான் புடிச்சிப்பேன்."

அவர்கள் பாடுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது.