கடைமடையிலிருந்து அக்கா

அன்புத் தம்பி செந்திலுக்கு,

நீ, கவிதா, பாப்பா எல்லோரும் நலமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? போனில் கேட்டால் 'ம், ம்' என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

வயலை விற்க வில்லங்கம் போட்டு வைக்கச் சொன்னாயே, அதற்காக நேற்றுக் காலை தேனிக்குக் கிளம்பினேன். கம்பம் ரோட்டில் வந்த பஸ்ஸில் எல்லாம் கால் வைக்க இடமில்லை. வெயில் ஏறுமுன் நடந்துவிடலாம் என்று போனவள், என்ன தோன்றியதோ, தடுப்பணைப் பக்கம் இறங்கிவிட்டேன். அழுக்குத்துணி மூட்டையோடு அம்மா முன்னால் போக, நாம் இரண்டு பேரும் சோப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டே போவோமே, அந்த இடம். கோடையில் ஆறு மெலிந்துதான் கிடக்கிறது. ஆனாலும் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். உன்னை அங்கே அடித்து இழுத்து வந்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

அங்கிருந்து வாய்க்கால் கரையைப் பிடித்து நடந்தேன். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டும், அந்த வாய்க்கால் எப்படிப் போகிறது என்று நான் முழுதாகப் பார்த்ததில்லை. வீடுகளின் பின்புறம், சுவருக்கும் சுவருக்கும் நடுவே நுழைகிறது. பாலிதீன் பையும் பழைய மெத்தையும் கிடக்கிற இடத்தைத் தாண்டினால் திடீரென்று வெட்டவெளி, வயல், கொக்கு, அதற்கு அப்பால் மலை. நான் அப்படியே நின்றுவிட்டேன். பாதி வயலில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள்.

மண்வெட்டியோடு ஒரு பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். "நம்மதான் கடைமடை தாயி" என்றார். லோயர் கேம்ப்பில் தொடங்குகிற 14,707 ஏக்கர் இருபோகப் பாசனம் நம் பழனிசெட்டிபட்டியோடு முடிகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை, பென்னிகுவிக் 1895இல் அணையை முடித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். அது கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நம் வயலுக்கு வருகிறது. பொங்கலன்று பென்னிகுவிக் பிறந்தநாள் என்று அப்பா மாலை வாங்கி வருவாரே, அது எதற்கு என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடைமடையில் வயல் இருக்கும்வரைதான் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லிக் கேட்க ஆள் இருக்குமாம். கடைசி வயலும் பிளாட் ஆகிவிட்டால் வாய்க்கால் சாக்கடைதான். பிறகு அதற்கு மேலே இருக்கிற வயலுக்கும் அதே கதி. நம்முடைய அரை ஏக்கரை ஒட்டி இப்போது மூன்று பேர்தான் நடவு போடுகிறார்கள்.

பிறகு தேனிக்குப் போனேன். வில்லங்கம் போடவில்லை. கோபப்படாதே. ஸ்டேஷனுக்குப் போய் நிழலில் உட்கார்ந்திருந்தேன். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தியபோது, இனி எங்கே வரப்போகிறது என்று அப்பா சொன்னார். 2022இல் மதுரை ரயில் வந்தது, அடுத்த வருஷம் சென்னையிலிருந்து போடிக்கே வந்துவிட்டது. நின்றுபோன ரயில் பன்னிரண்டு வருஷம் கழித்தாவது திரும்ப வந்தது. கல் நட்ட வயல் திரும்ப வயலாகி நான் பார்த்ததில்லை.

உனக்குக் கடன் இருப்பது தெரியும். வீட்டு லோன், பாப்பா பள்ளிக்கூடக் கட்டணம், எல்லாம் கவிதா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளைத் திட்டாதே. என் கையில் ஏலச்சீட்டுப் பணம் வருகிறது, அதை முதலில் அனுப்புகிறேன். மாமாவும் சரி என்றுவிட்டார். உடம்பைக் கெடுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கணக்குப் போடாதே.

அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கம்போல ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னை ரயிலில் ஏறி தேனியில் இறங்கு. அவள் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பார்த்ததே இல்லை. நாம் மூன்று பேரும் கரையில் நடந்து வயல் வரை போவோம். அதன் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை புரோக்கரிடம் அட்வான்ஸ் வாங்காதே.

அன்புடன்,
அக்கா