செய்திக்கு அடியில் என்ன இருக்கிறது?

வானொலியில் ஒரு செய்தியை வாசிக்க எனக்கு 20 வினாடி போதும். அதே செய்தியோடு என் சித்தி மகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அவள் மெதுவாகப் படிக்கிறவள் அல்ல. கும்பகோணத்தில் இருந்தபடி இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவள். ஐஏஎஸ், ஐபிஎஸ், ஐஎஃப்எஸ் என்று நாம் கேள்விப்படும் பதவிகளுக்கெல்லாம் அந்த ஒரு தேர்வுதான் வாசல்.

என் அம்மா திருமணமாகி மலேசியாவுக்கு வந்தவர். அவருடைய தங்கை ஊரிலேயே இருந்துவிட்டார். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நான் ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வரும்போது இங்கே மணி 10. அங்கே 7.30. அதற்குள் அவள் நாளிதழை முடித்திருப்பாள். நான் பசியாறிக்கொண்டே தொலைபேசியில் பேசுவேன். "அக்கா, இன்னைக்கு என்ன வாசிச்சீங்க?" என்றுதான் பேச்சு தொடங்கும். நான்கு ஆண்டுகளாக இது நடக்கிறது. ஊடகத்துறையில் பட்டம் வாங்கியபோது கிடைக்காத சில விஷயங்கள் அந்தப் பேச்சில் எனக்குக் கிடைத்தன.

முதலில் தேர்வின் கனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். அதில் தேறி முதன்மைத் தேர்வுக்குப் போனவர்கள் 14,624 பேர். கடைசியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். முதல்நிலையில் பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 2 மணி நேரம். விடை தவறினால் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். குத்துமதிப்பாக விடை போட்டுத் தப்பிக்க முடியாது.

வரலாறு, புவியியல், அரசியலமைப்பு, பொருளாதாரம் எல்லாவற்றுக்கும் புத்தகம் உண்டு. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நடப்பு நிகழ்வுகளுக்குத்தான் கடைசிப் பக்கம் இல்லை. தேசிய, அனைத்துலக முக்கியத்துவம் உள்ள நடப்பு நிகழ்வுகள் என்று முதல்நிலைப் பாடத்திட்டத்தில் ஒரே வரி. எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு ஆழத்துக்கு என்று அந்த வரி சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் பெரிய வியாபாரமே நடக்கிறது. மாத இதழ், தினசரிக் குறிப்பு, டெலிகிராம் குழு, கடைசி நேரத் தொகுப்பு என்று எதற்கும் குறைவில்லை.

சென்னை அண்ணா நகரில் பயிற்சி வகுப்புக்குப் போன முதல் ஆண்டில் அவள் இவற்றில் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் குறிப்பு விட்டுப்போனால் அன்று இரவு தூக்கம் வராது. எந்த இரண்டு நாடுகள் சேர்ந்து ராணுவப் பயிற்சி செய்தன, அந்தப் பயிற்சிக்கு என்ன பெயர், எந்த விருது யாருக்குப் போனது எல்லாம் மனப்பாடம். அந்த ஆண்டு முதல்நிலையைக்கூடத் தாண்டவில்லை.

அதன் பிறகு ஒரு வேலை செய்தாள். பழைய வினாத்தாள்களை எடுத்து, நடப்பு நிகழ்வைத் தொட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதற்கு விடை எங்கே இருக்கிறது என்று எழுதினாள். பல விடைகள் அன்றைய செய்தியில் இல்லை. செய்தி தொட்டுவிட்டுப் போன சட்டத்தில் இருந்தன. ஓர் ஆணையத்தின் அதிகாரத்தில் இருந்தன. ஒரு வரைபடத்தில் இருந்தன. "செய்தி வெறும் காலிங் பெல் அக்கா. கதவைத் திறந்தாத்தான் உள்ளே யார் இருக்காங்கன்னு தெரியும்" என்றாள்.

நமக்குத் தெரிந்த ஒரு செய்தியையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் கச்சா செம்பனை எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரியை இந்தியா பூஜ்யத்திலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. துணை வரிகளோடு சேர்த்தால் 5.5 விழுக்காடு 27.5 ஆனது. இங்கே அது வணிகச் செய்தி. நம் செம்பனைக்கு விலை என்னாகும் என்பதோடு முடிந்துவிடும். அவள் அந்தச் செய்தியிடம் நான்கு கேள்விகள் கேட்டாள். எந்தச் செய்தியாக இருந்தாலும் அவள் கேட்பது இந்த நான்குதான். ஏன் இப்போது? இதன் பின்னால் உள்ள சட்டமோ திட்டமோ எது? முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

ஏன் இப்போது என்று தேடினால், அந்தச் சமயம் உள்நாட்டில் சோயா விலை அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே போயிருந்தது. ஆதரவு விலை என்றால் என்ன, அதை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பது ஒரு பாடம். பின்னால் உள்ள திட்டத்தைத் தேடினால், உள்நாட்டில் செம்பனை சாகுபடியைப் பெருக்க 2021இல் 11,040 கோடி ரூபாயில் தொடங்கிய தேசிய இயக்கம் வருகிறது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் அதில் தனிக் கவனம் என்பதால், காடுகள் என்னாகும் என்ற சுற்றுச்சூழல் கேள்வியும் கூடவே வருகிறது. அதிகாரம் என்ற கேள்வி, 2009இல் கையெழுத்தாகி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆசியான் - இந்தியா சரக்கு வணிக ஒப்பந்தத்தில் கொண்டுபோய் விடுகிறது. லாபம் எண்ணெய் வித்து பயிரிடும் விவசாயிக்கு. நஷ்டம் மளிகைக் கடையில் எண்ணெய் வாங்கும் குடும்பத்துக்கு. ஒரே செய்தியிலிருந்து வேளாண்மை, சுற்றுச்சூழல், வெளியுறவு, விலைவாசி என்று நான்கு பாடங்கள்.

2025 மே மாத இறுதியில் அந்த அடிப்படை வரியை 10 விழுக்காடாகக் குறைத்தார்கள். அவள் நோட்டில் ஓர் எண்ணை மட்டும் அடித்துத் திருத்தினாள். மற்றதெல்லாம் அப்படியே நின்றது.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் தேதியே கிடையாது. பாடத்திட்டத் தலைப்புகள்தான் உண்டு. ஆளுநர் ஒரு மசோதாவை நிறுத்தி வைத்தார் என்று செய்தி வந்தால், அது மத்திய - மாநில உறவு என்ற தலைப்பின் கீழ்ப் போகும். அங்கே அரசியலமைப்பின் 200ஆவது பிரிவும், சர்க்காரியா ஆணையமும், பூஞ்சி ஆணையமும் ஏற்கெனவே காத்திருக்கும். புதுச் செய்தி அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். "தேதி போட்டு எழுதினா டைரி. தலைப்பு போட்டு எழுதினா பாடம்" என்பாள்.

படிக்கும் பொருளையும் சுருக்கிவிட்டாள். ஒரு நாளிதழ், இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிடும் அறிக்கைகள், மத்திய அரசின் 'திட்டம்' மாத இதழ், ஆண்டுக்கு ஒரு முறை பொருளாதார ஆய்வறிக்கையும் பட்ஜெட்டும். காலையில் இரண்டு மணி நேரம் ஆனதும் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவாள். திறந்து படிப்பதைவிட மூடி வைப்பதுதான் சிரமமாக இருந்தது என்பாள். கைப்பேசியோடு வாழும் நமக்கும் அது புரியும்.

தமிழில் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு சுமை உண்டு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். முதல்நிலை வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்த அவள், நோட்டில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதுவாள். ஃபிஸ்கல் டெஃபிசிட் என்பதற்கு நேராக நிதிப் பற்றாக்குறை. அதற்கும் கீழே, பாட்டிக்குச் சொல்வதுபோல ஒரு வரி: வரவுக்கு மேல் அரசாங்கம் செய்யும் செலவு. மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் முதல் இரண்டும் புரியவில்லை என்று அர்த்தமாம். செய்தி எழுதும் எங்கள் அறைக்கும் பொருந்தும் அளவுகோல் அது.

மூன்றாவது முயற்சியில் அவள் நேர்முகத் தேர்வு வரை போனாள். டில்லியில், தோல்பூர் ஹவுஸில் நடப்பது. 275 மதிப்பெண். அது பொது அறிவைச் சோதிக்கும் தேர்வு அல்ல, அதைத்தான் எழுத்துத் தேர்வு ஏற்கெனவே சோதித்துவிட்டதே என்று தேர்வு விதிகளே சொல்கின்றன. சுற்றி நடப்பதில் அக்கறை உள்ள மனிதரா, நிதானமாக யோசிப்பவரா என்றுதான் பார்க்கிறார்கள். நேர்காணல் செய்வது என் தொழில் என்பதால், பயிற்சிக்குக் கேள்வி கேட்கும் வேலை என்னிடம் வந்தது.

"நீங்கள் காவிரி டெல்டாக்காரர். கர்நாடகத்தில் ஒரு மாவட்டத்துக்கு உங்களை ஆட்சியராகப் போட்டால் காவிரிப் பிரச்சினையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

பதில் சட்டென்று வந்தது. குரலும் ஏறிவிட்டது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என்று பார்த்துப் பார்த்துக் குறுவை போட்ட குடும்பம் அவளுடையது. தண்ணீர் வராத ஆண்டுகளில் சித்தப்பா வயலைப் பார்க்கவே போகமாட்டார். அந்தக் கோபம் முழுவதும் அவள் பதிலில் இருந்தது. உணர்ச்சி உண்மையானதுதான். ஆனால் அது ஓர் ஆட்சியரின் பதில் அல்ல என்று அவளே சொன்னாள்.

பத்து நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னாள். இந்த முறை 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து தொடங்கினாள். நடுவர் மன்றம் 2007இல் சொன்ன 192 டிஎம்சியை அந்தத் தீர்ப்பு 177.25 ஆகக் குறைத்தது. குறைத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று பெங்களூரின் குடிநீர், இன்னொன்று தமிழ்நாட்டு டெல்டாவின் நிலத்தடி நீர். மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் இன்னமும் சண்டை மூளும் இடம். அதற்குக் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. "ஆட்சியரா அந்த உத்தரவை நிறைவேத்துறது என் கடமை. மண்டியா விவசாயி என் அலுவலகத்துக்கு வந்தா, அவர் கஷ்டம் எனக்குப் புதுசா இருக்காது. என் வீட்டுலயே பார்த்திருக்கேன்" என்று முடித்தாள்.

நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவள் தன் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்க்கரையில் இருப்பவனையும் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். தலைப்புச் செய்தியை மட்டும் படித்திருந்தால் கோபம்தான் மிஞ்சியிருக்கும். அடியில் இருந்ததையும் படித்ததால் அந்தக் கோபத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது.

அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நான்காவது முயற்சியில் முதல்நிலையோடு நின்றது. பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் 35 வயது வரை, 9 முறை எழுதலாம். பொதுப் பிரிவில் 32 வயது வரை, 6 முறை. கணக்குப்படி இன்னும் இடம் இருக்கிறது. வாழ்க்கை அந்தக் கணக்கில் போவதில்லை. கூடப் படித்தவர்களுக்கு வேலை, வீடு, குழந்தை என்று ஆகிவிட்டது. இவள் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறாள். "பேப்பரைப் படிச்சுப் படிச்சே இவளுக்கு வயசு போகுது அக்கா" என்று சித்தி என் அம்மாவிடம் அழுவார். அந்தக் கவலையைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. 10 லட்சம் பேரில் ஆயிரம் பேரைத் தவிர மற்ற எல்லா வீடுகளிலும் இதே பேச்சுதான் நடக்கும்.

சென்ற ஆண்டு அவர்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது. நான்கு மாதம் அலைந்தார். எந்த மேசையிலும் காரணம் சொல்லவில்லை. இவள் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு பக்கத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பிவைத்தாள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்தது. வங்கிக் கணக்கு எண்ணில் ஏதோ பிழையாம். இரண்டு வாரத்தில் சரியானது. அதன் பிறகு பயிர்க் காப்பீடு, பட்டா, கல்விக் கடன் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வீடு தேடி வருகிறார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை.

இன்னும் இரண்டு முறை எழுதுவது, அதற்குள் கிடைக்காவிட்டால் வேறு வேலைக்குப் போவது என்று அவள் முடிவெடுத்திருக்கிறாள். அந்த முடிவை எடுக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனது. எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அவள் கேட்டால் நேர்காணல் கேள்விகள் தயாராக இருக்கின்றன.

இங்கே என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது வாரத்தின் ஒரு செய்தியை எடுத்து அந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அது பிடித்திருக்கிறது. பெட்ரோல் உதவித்தொகையானாலும் சரி, பள்ளிப் பேருந்துக் கட்டணமானாலும் சரி, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கடைசிக் கேள்வியில்தான் சாப்பாடு ஆறிப்போகிறது.

போன வாரம் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நிவாரண அறிவிப்பு. பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த மகளைப் பார்த்துச் சித்தி கேட்டது எனக்கும் தெளிவாகக் கேட்டது. "ஏண்டி, இது எந்தத் திட்டத்துல வருது? நம்ம எதிர்வீட்டு அம்மாவுக்குக் கிடைக்குமா?"