வெந்தயம் ஏத்தின கூட்ஸ் வண்டி

நாலு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. நிறைய பேர் உடம்பு சரியில்லையான்னு கேட்டிருந்தீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நவம்பர்ல இருந்து பிப்ரவரி முடிய அயர்லாந்துல, டப்ளின்ல மக வீட்டுல இருந்தேன். மக அங்க நர்ஸ். மாடு, மழைன்னு எழுதுற ஆளு இப்ப ரயில் பொம்மையைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் படிங்க. பொம்மைன்னு சொன்னா அங்க ஒருத்தருக்குக் கோபம் வரும், அதனால இனிமே மாடல்னே சொல்றேன்.

அந்த ஊர் குளிர்காலம் எப்படின்னா, சாயந்திரம் நாலரைக்கே இருட்டிடும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடம். எனக்கு சன்னல்தான். முப்பது வருஷமா காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி கட்டப் போன ஆளுக்கு சும்மா உட்கார்றது எவ்வளவு பெரிய தண்டனைன்னு உக்காந்து பார்த்தாத்தான் தெரியும். பத்து நாள்ல ஊருக்கே போயிடலாம்னு தோணிடுச்சு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவர். ஒருநாள் மாப்பிள்ளை, "மாமா, அவர் வீட்டுப் பின்னாடி ஷெட்ல ரயில் வெச்சிருக்காரு, பார்த்துட்டு வாங்க"ன்னு கொண்டு போய் விட்டுட்டு வந்துட்டாரு. எனக்கு இங்கிலீஷ் எஸ்.எஸ்.எல்.சி. அளவுதான். அவர் பேசுற இங்கிலீஷ் மகளுக்கே பாதி புரியாது. ஆனா ஷெட்டுக்குள்ள போனதும் பேச்சு பெருசா தேவைப்படலை.

சுவரைச் சுத்தி இடுப்பு உயரத்துக்குப் பலகை. அதுமேல தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், புல்லு. அலமாரியில வரிசையா எஞ்சின். ஒண்ணை எடுத்து என் கையில வெச்சாரு. 071 வகை டீசல் எஞ்சின். சரியா ஒரு சாண் நீளம், ஆனா நல்ல கனம். நிஜ வண்டியோட எழுபத்தாறுல ஒரு பங்கு. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 1976-ல செஞ்ச 18 எஞ்சின்ல ஒண்ணோட அச்சு. நம்பர் பிளேட்டு, கைப்பிடிக் கம்பி, கூரையில இருக்கிற ஃபேனோட இறக்கை எல்லாம் தெரியுது. விலை கேட்டேன். சுமார் 200 யூரோவாம், சத்தத்தோட வேணும்னா இன்னும் மேல. நான் பதறிப்போய் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

சின்ன நாடு, சின்ன ரயில்வே. அந்த ஊர் வண்டிகளை மாடல் பண்ணி விக்க ரொம்ப காலமா யாரும் பெருசா வரலையாம். இங்கிலீஷ்கார எஞ்சினை வாங்கி, வேற பெயின்ட் அடிச்சு ஒப்பேத்திக்கிட்டு இருந்திருக்காங்க. அப்புறம்தான் டப்ளின்ல மர்ஃபி மாடல்ஸ்னு ஒரு கம்பெனி இந்த ஊர் எஞ்சினையே சைனாவுல செஞ்சு கொண்டாந்துச்சு. அதுக்கப்புறம் ரயில் பைத்தியம் பிடிச்ச சில பேர் சேர்ந்து ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ்னு ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல செஞ்சது எஞ்சின் இல்லை, ஜல்லி கொட்டுற வேகன். எனக்கு அது பிடிச்சிருந்தது. எல்லாரும் குதிரையைப் பார்ப்பாங்க, வண்டியை யாரு பார்க்கிறா?

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அயர்லாந்து தண்டவாளம் அகலம் 5 அடி 3 அங்குலம். நம்ம அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், அதைவிட மூணு அங்குலம் கூட. அவங்க அகலத்தை மாடல் அளவுக்குக் குறைச்சா 21 மில்லிமீட்டர் வரணும். ஆனா கடையில கிடைக்கிறது 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம்தான். அதனால வண்டி அளவு சரியா இருக்கும், கால் மட்டும் ஒடுங்கி நிக்கும். சில பேர் பொறுக்க முடியாம சக்கரத்தை எல்லாம் கழட்டி, தண்டவாளத்தையும் கையாலயே 21-க்குப் போடுவாங்களாம். "அவங்க எல்லாம் சாமியார்கள், நான் சம்சாரி"ங்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிச்சாரு பெரியவர்.

பெட்டியில வர்ற எஞ்சினை அப்படியே ஓட்டுறது கௌரவம் இல்லை. கூடவே ஒரு சின்னப் பையில பிரேக் குழாய், கொக்கி, ஏணி மாதிரி நூல் கனத்துல சாமான் இருக்கும். அதை நாமதான் இடுக்கியால பிடிச்சு ஒட்டணும். என்னை ஒரு பிரேக் குழாய் ஒட்டச் சொன்னாரு. மண்வெட்டி பிடிச்ச விரல், ரெண்டாவது நிமிஷமே தெறிச்சுப் போச்சு. ரெண்டு பேரும் கார்ப்பெட்ல முட்டி போட்டு டார்ச் அடிச்சு முக்கால் மணி நேரம் தேடினோம். கிடைக்கலை. அவர் ஒரு வார்த்தை சொல்லலை. அதுக்கப்புறம் நான் இடுக்கியைத் தொடவே இல்லை.

அதுக்கு அடுத்த வேலைதான் அழுக்கு ஏத்துறது. புது எஞ்சினை எடுத்து, பெயின்டை நல்லாத் தண்ணியாக் கரைச்சுப் பூசித் துடைச்சு, புகைக்கரி, எண்ணெய்க் கசிவு, துரு எல்லாம் கொண்டு வருவாங்க. 200 யூரோ சாமானை ஏன் கெடுக்கிறீங்கன்னு கேட்டேன். வேலை செய்யுற வண்டி சுத்தமா இருக்குமான்னு திருப்பிக் கேட்டாரு. நம்ம டிராக்டரை நினைச்சுக்கிட்டேன். அதுவும் மனசுக்குத் தோணுன இடத்துல துரு வைக்கக் கூடாது. அந்த நம்பர் வண்டியோட போட்டோ வேணும். எந்த வருஷத்து வண்டின்னும் தெரியணும். 1955-ல வந்த ஏ கிளாஸ் எஞ்சின் முதல்ல வெள்ளி நிறம், அப்புறம் பச்சை, கறுப்பு, கடைசியில ஆரஞ்சும் கறுப்பும். வருஷம் மாறி வேகனைக் கோர்த்தா கூட்டாளிங்க மானத்தை வாங்கிடுவாங்களாம்.

201-ன்னு இன்னொரு எஞ்சின், 1994-ல வந்தது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆத்துப் பேரு. அதுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு. ஓட விட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ஊரு கேட்ல நிக்கும்போது கேட்ட அதே உறுமல். சைகையிலயே சொன்னேன். அவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாரு. நம்ம ஊர்ல ஓடுற டபிள்யூ.டி.ஜி. 4 கூட்ஸ் எஞ்சினும் அதே குடும்பத்து மோட்டார்தான், அங்க 12 சிலிண்டர், இங்க 16.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அலமாரியில கீழ்த்தட்டுல ஒரே மாதிரி வேகன் வரிசையா இருந்துச்சு. நெளிநெளியா தகடு போட்ட திறந்த வேகன், ஆனா உயரம் ரெட்டிப்பு. ஒரு வேகன் தொட்டி மேல இன்னொரு தொட்டியைத் தூக்கி வெச்சுப் பத்தவெச்ச மாதிரி. நிஜத்துலயும் அப்படித்தான் செஞ்சாங்களாம். பழைய வேகன் நிறைய இருந்துச்சு, ஏத்த வேண்டிய சரக்கு எடை குறைவு, இடம் அதிகம். அது என்ன சரக்குன்னு கேட்டேன். சுகர் பீட்.

நம்ம பொரியல் பண்ற பீட்ரூட்டுக்கு அண்ணன். உள்ள வெள்ளை, கூம்பு மாதிரி, ஒரு கிழங்கே ஒரு கிலோ வரும். அதைச் சீவி, வெந்நீர்ல ஊறவெச்சு சர்க்கரை எடுப்பாங்க. பெரியவர் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துக்காரர். அவங்க அப்பா பீட் விவசாயி. வெலிங்டன்பிரிட்ஜ்னு ஒரு சின்ன ஸ்டேஷன். சுத்துப்பட்டு விவசாயிங்க டிராக்டர்ல கொண்டாந்து அங்க கொட்டுவாங்க. அங்கிருந்து வாட்டர்ஃபோர்டு வழியா மாலோ ஊர் ஆலைக்கு ரயில்ல போகும். ஆலையில எடை போட்டு, ஒட்டியிருக்கிற மண்ணுக்குக் கழிவு பிடிச்சு, சர்க்கரைச் சத்து எவ்வளவுன்னு பார்த்துப் பணம். அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பும் வருது, வயிறும் எரியுது. எடை மேடை, கழிவு, கட்டுமானம். ஒரு வார்த்தைகூட மாறலை.

அந்த நாட்டுல மொத்தம் நாலு ஆலை. முதல் ஆலை 1926-ல கார்லோவுல வந்தது. மத்த மூணும் 1934-ல. ஒவ்வொண்ணா மூடி, 2005-ல கார்லோவும் போச்சு. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலைக் கொள்கையை மாத்தினதும் 2006-ல கடைசியா மாலோ. அந்த ஜனவரியோட பீட் ரயிலும் நின்னு போச்சு. நாடு முழுக்க பீட் சர்க்கரைத் தொழிலே இல்லை.

நான் ஏன் அவ்வளவு கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும். எங்க பக்கத்து ஆலை மூணு பட்டத்துக்கு முன்னாடி அரவையை நிறுத்துச்சு. எனக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் வரலை. கட்டைக் கரும்பைத் தோண்டி எறிஞ்ச அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை, அதைப் பத்தி இங்க ஒரு வரிகூட எழுதினதும் இல்லை. அந்த ஷெட்டுல, பாதி இங்கிலீஷ்ல, அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "காசு கொடுத்தாங்களா?" இல்லைன்னேன். அவங்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்திருக்காங்க. அதைச் சொல்ல அவருக்கு ஒரு மாதிரி சங்கடம்.

பன்னிரண்டு வேகனும் காலியாத்தான் இருந்துச்சு. துரு, அழுக்கு எல்லாம் பிரமாதமா ஏத்தியிருக்காரு, லோடு மட்டும் இல்லை. அவங்க அப்பா கடைசியா வந்தப்போ இதைப் பார்த்துட்டு, "காலி வண்டியை எதுக்குடா செஞ்சே?"ன்னு கேட்டாராம். அதுக்கப்புறம் இவர் களிமண்ணு உருட்டிப் பார்த்தாரு, மரத்தூள் போட்டுப் பார்த்தாரு. எதுவும் பீட் மாதிரி வரலை. அப்பாவும் போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கணக்குப் போட்டேன். ஒரு அடி நீளக் கிழங்கு, எழுபத்தாறால வகுத்தா நாலு மில்லிமீட்டர். சின்னக் கிழங்குன்னா ரெண்டு மில்லிமீட்டர். எழுந்து போய் மகளோட அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். கடுகு? அளவு சரி, ஆனா ஒரே உருண்டை, கறுப்பு. வெந்தயம்? கோணலும் மாணலுமா, மண் கலந்த மஞ்சள். கிழங்குக் குவியல் எப்படி இருக்குமோ அப்படியே. கொஞ்சம் பெருசு. மகளுக்கு அங்க அம்மி இல்லை. பூரிக்கட்டையால லேசா உடைச்சேன். சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்த மக, "அப்பா, ராத்திரி ஒரு மணிக்கு என்னப்பா பண்றீங்க?"ன்னு கேட்டா. பீட்ரூட்டுன்னேன். நெத்தியில கை வெச்சுப் பார்த்தா.

காலையில ஒரு டம்ளர்ல எடுத்துட்டுப் போனேன். பெரியவர் ஒரு பிடி எடுத்து வேகன்ல கொட்டினாரு. விளக்கைக் கிட்ட கொண்டாந்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை.

ஆனா ஒண்ணு குறைஞ்சுது. மண் இல்லை. ஜனவரி மழையில பிடுங்கின கிழங்குன்னா மண்ணு ஒட்டாம வருமா? அவர் பழுப்புப் பெயின்ட் கலக்கப் போனாரு. நான் தடுத்தேன். மண்ணுக்குப் பெயின்ட் எதுக்கு, மண்ணே போடுங்க. ஊர்ல நிலம் இப்பவும் அவர் தம்பிகிட்ட இருக்கு, மாட்டுக்குப் புல்லும் பார்லியும் போடுறாராம். அடுத்த ஞாயித்துக்கிழமை காரை எடுத்துட்டுக் கிளம்பிட்டோம்.

வெலிங்டன்பிரிட்ஜ்ல இறங்கினோம். 2010-ல அந்தத் தடத்துல பயணிகள் வண்டியும் நின்னு போச்சு. தண்டவாளம் கிடக்கு, நடுவுல புல்லும் முள்ளும். பெரியவர் கையை நீட்டி, இங்க குவியல், இங்க வரிசை, அப்பா டிராக்டர் இங்க நிக்கும்னு காட்டிக்கிட்டே போனாரு. அப்புறம் அவங்க வயல்ல ரெண்டு பிடி மண்ணை டப்பாவுல எடுத்தோம். நான் விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன். நல்ல மண்ணு. நம்ம செம்மண்ணைவிடக் கறுத்தது, பிசுபிசுன்னு ஒட்டுது.

அந்த மண்ணை அவர் சமையலறை ஓவன்ல வறுத்தாரு, புழு பூச்சி இருக்கக் கூடாதுன்னு. அவர் வீட்டம்மா சத்தம் போட்டது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. டீ வடிகட்டியில சலிச்சு, வெந்தயத்தோட பிரட்டி, பசையைத் தண்ணியாக் கரைச்சு சொட்டுச் சொட்டா விட்டோம். ஈரம் பட்டதும் ஷெட்டு முழுக்க வெந்தய வாசனை. வேகன் விளிம்புல, லோடர் கொட்டுற பக்கத்துல மட்டும் மண்ணு வழிஞ்ச மாதிரி வைக்கச் சொன்னேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா பொய்யாத் தெரியும். அதுல எனக்கு அனுபவம் உண்டு, எங்க டிரெய்லரைப் பார்த்தாலே தெரியும்.

நான் கிளம்புறதுக்குள்ள அஞ்சு வேகன் முடிஞ்சுது. 071 அதை இழுத்துக்கிட்டு ஷெட்டைச் சுத்தி வந்தப்போ பேத்தி கை தட்டினா. பெரியவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு.

போன வாரம் மக போன் பண்ணினா. பெரியவர் கிட்ட வெந்தயம் தீர்ந்து போச்சாம், இன்னும் ஏழு வேகன் பாக்கி. அரைக் கிலோ வாங்கிக் கொடும்மான்னு சொல்லியிருக்கேன். முழுசாப் போட வேண்டாம், உடைச்சுப் போடச் சொல்லு.