எத்தனை எண்ணம்?

பாறசாலையில் சாயாக்கடை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஆறு பேர் கூடிவிட்டார்கள். எல்லாரும் 'சார்' என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மின்துறை ஊழியர், களியக்காவிளையில் செல்போன் கடை நடத்தும் இளைஞர், நர்சிங் படிக்கும் பெண், பத்தாம் வகுப்பில் இருக்கும் அவள் தம்பி. ஆறாவது ஆள், வேடிக்கை பார்க்கப் போன நான். பறவை பார்க்கும் இந்தக் குழுவுக்குப் பெயர்ப் பலகையும் இல்லை, சந்தாவும் இல்லை. ஒரு வாட்ஸப் குழு, நான்கு பைனாகுலர், சாருடைய பழைய ஆம்னி வேன், இவ்வளவுதான் சொத்து. சாரின் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். எல்லையோர வீடுகளில் அது அதிசயமில்லை.

நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி இடப்பக்கம் திரும்பிய வண்டி, விடியும் நேரத்தில் புஞ்சக்கரி வயல்களை அடைந்தது. பக்கத்திலேயே வெள்ளாயணிக் காயல். கேரளத்தின் மூன்று முக்கிய நன்னீர் ஏரிகளில் ஒன்று. சாஸ்தாங்கோட்டையும் பூக்கோடும் மற்ற இரண்டு. சாலையின் இரு பக்கமும் வாழை, பயறு, கீரை. நடுநடுவே தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய நீர்ப்பரப்பு. தை மாதக் குளிரில் அதன்மேல் மெல்லிய புகை மாதிரி மூட்டம்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு ஐம்பது. தொடங்கலாம்."

பையன் உற்சாகமாக அறிவித்தான்: "சார், கொக்கு நிறைய!"

"நிறையன்னு ஒரு எண்ணம் உண்டா மக்கா?"

அங்கேதான் தொழில் தொடங்குகிறது. பறவையை அடையாளம் காண்பது பாதி வேலை. மீதிப் பாதி எண்ணுவது. இந்தப் பக்கத்துப் பேச்சில் எண்ணிக்கைக்கு 'எண்ணம்' என்றுதான் பெயர். ஆகாயத்தாமரைக்கு நடுவில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக அடைந்திருந்தன. சார் சொல்லித்தந்த முறை எளிமையானது. முதலில் பத்துப் பறவையை எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அளவு இடம் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று பார்க்க வேண்டும். பையன் எழுபது என்றான், அவன் அக்கா தொண்ணூறு என்றாள். மறுபடி எண்ணினார்கள். இரண்டாம் முறை எண்பதுக்குப் பக்கத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

பயற்றுப் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், பகலில் இதுகள் சும்மா தூங்கும், ராத்திரி வயலில் இறங்கித்தான் தின்னும் என்றார். புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

தாமரை இலைமேல் நடந்த ஒன்றைப் பார்த்து எல்லாரும் நின்றார்கள். நீளவால் இலைக்கோழி. உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீள விரல்கள். இலைக்கு இலை கால் வைக்கும்போது எடை பரவிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. மலையாளத்தில் இதற்கு வாலன் தாமரக்கோழி என்று பேர். இரண்டு மொழியும் வாலைச் சொல்லித்தான் அழைக்கின்றன, ஆனால் எங்கள் முன்னால் நின்றதற்கு வாலைக் காணோம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த நீண்ட வால் உதிர்ந்துவிடும். இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். "அம்மையிடம் சொல்லாதே, அப்பனைப் பிடித்துக்கொள்வாள்" என்று தம்பி காதில் அக்கா கிசுகிசுத்தாள்.

சேற்றோரம் ஒரு சின்னப் பறவை. உள்ளான் என்று நான் எழுதினேன். செல்போன் கடைக்காரர் சிரித்தார். எந்த உள்ளான்? முதுகில் பொரி தூவியதுபோலப் புள்ளியும் கண்ணுக்குமேல் வெளிறிய புருவமும் இருந்தால் பொரி உள்ளான். ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு, தோள் அருகே வெள்ளை ஏறி வந்தால் சாதா உள்ளான். பறக்கும்போது கறுத்த இறகுக்கும் வெள்ளை இடுப்புக்கும் பளிச்சென்று வேறுபாடு தெரிந்தால் கருப்பு உள்ளான். அவர் பைனாகுலரை என்னிடம் தந்தார். எட்டு மடங்கு பெரிதாக்கும், நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் லென்ஸ். அதில் பார்த்தபோது முதுகில் பொரி இருந்தது.

பேர் விஷயத்தில் இந்தக் குழுவுக்கு இரட்டை வேலை. தமிழில் வண்ணாத்திக்குருவி, மலையாளத்தில் மண்ணாத்திப்புள்ளு. இரண்டிலும் வெளுக்கும் பெண்தான் இருக்கிறாள். தமிழில் ஆட்காட்டி, மலையாளத்தில் தித்திரி. ஒன்று அது செய்வதைச் சொல்கிறது, மற்றது அது கத்துவதைச் சொல்கிறது. மலையாளப் பேர்கள் பரவலாக நிலைத்ததற்கு 'இந்துசூடன்' என்ற பேரில் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் கே.கே. நீலகண்டன் முக்கியக் காரணம். அவருடைய 'கேரளத்திலே பக்ஷிகள்' 1958-ல் வெளிவந்தது. சார் மாணவனாக இருந்தபோது வாங்கிய பிரதி, அட்டை கிழிந்து, இன்னும் வேனின் முன்பெட்டியில் கிடக்கிறது.

பறவையியலாளர் சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தபோது நெய்யாற்றின்கரையும் நாகர்கோவிலும் ஒரே ஆட்சியில் இருந்தன. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் இந்தக் குழுவுக்கு நாட்காட்டியும் இரண்டு. பொங்கலையொட்டி 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குத் தெற்கே, சுசீந்திரம் தேரூர்க் குளத்துக்குப் போகிறார்கள். தேரூரும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் ஏறிய நீர்நிலைகள். மற்ற நாட்களில் வடக்கே, இந்தப் புஞ்சக்கரிக்கு.

மின்துறை ஊழியர் கேரளப் பறவை வரைபடப் பணியின் முறையை மனப்பாடமாக ஒப்பிக்கிறார். 2015 முதல் 2020 வரை நடந்த அந்தப் பணியில் மாநிலத்தையே கட்டங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். குலுக்கலில் விழுந்த ஒவ்வொரு சின்னக் கட்டமும் பக்கத்துக்கு 1.1 கிலோமீட்டர். வறண்ட காலத்தில் 60 நாள், மழைக்காலத்தில் 60 நாள். ஒவ்வொரு கட்டத்திலும் பதினைந்து நிமிடப் பட்டியல் நான்கு. கட்டம் ரப்பர்த் தோட்டத்தில் விழுந்தாலும் சரி, சந்தைக்கு நடுவில் விழுந்தாலும் சரி, போயாக வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள் 25,000 பட்டியல் தந்தார்கள். சுமார் 3 லட்சம் பதிவுகள், 361 இனங்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் இப்படி வந்த முதல் வரைபடம் அது. களியக்காவிளை எல்லையோடு அதன் கட்டங்கள் நின்றுவிடுகின்றன.

எட்டரை மணிக்குள் வயலோரம் பெரிய லென்ஸ் கேமராக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். இந்தக் குழு அவர்களோடு சண்டைக்குப் போவதில்லை. தன் பிள்ளைகளுக்கு மட்டும் விதி வைத்திருக்கிறது: செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது, கூட்டருகே போகக் கூடாது, வரப்பை மிதிக்குமுன் வயல்காரரிடம் கேட்க வேண்டும்.

பட்டியலை முடிக்கும்போது சார் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். முப்பத்தேழு இனம். நீலத் தாழைக்கோழி, செந்நாரை, நத்தைகுத்தி நாரை என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

"காக்கை எத்தனை எண்ணம்?"

எழுதவில்லை. காக்கையை யார் எழுதுவார்கள்?

சார் குரல் உயர்த்தவில்லை. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஊரே புலம்பியபோது, அதை யாரும் ஒழுங்காக எண்ணி வைத்திருந்தார்களா என்று கேட்டார். 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 15,500 பேர் தந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியது. பெருநகரங்களில் குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று அதனால்தான் சொல்ல முடிந்தது. யாரோ சலிக்காமல் குருவியையும் காக்கையையும் எழுதி வைத்ததன் பலன் அது. எழுதாமல் விட்டால், இருபது வருஷம் கழித்துப் படிப்பவனுக்குக் காக்கை இல்லையா, நீ பார்க்கவில்லையா என்று எப்படித் தெரியும்?

நல்லவேளை, பையன் எழுதியிருந்தான். வீட்டுக் காக்கை பதினொன்று, அண்டங்காக்கை நான்கு.

திரும்பும் வழியில் பாலராமபுரத்தில் சாயாவுக்கு நிறுத்தினார்கள். பட்டியல் மூடி அனுப்பியாகிவிட்டது. பழம்பொரி பாதி தின்றிருந்தபோது கடைக்குப் பின்னாலிருந்த பலாமரத்தில் செம்போத்து ஊமைக்குரலில் 'ஊப், ஊப்' என்றது. சார் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார், மணி பார்த்தார், புதுப் பட்டியல் ஒன்றைத் திறந்தார்.

"செம்போத்து, ஒரு எண்ணம்" என்றான் பையன்.